முதலில் பேசியது யார்

ஆடி 8, திங்கள்

ஆபீஸ் வேலைக்கு ஒரு பேக்கேஜ் தேவைப்பட்டது. யாரோ எழுதி இணையத்தில் இலவசமாகப் போட்டிருப்பது. சாட் ஃபைலைக் கொடுத்தால் யார் எத்தனை தடவை பேசினார்கள், யார் முதலில் ஆரம்பித்தார்கள் என்று பிரித்துச் சொல்லும். புரோகிராமில் சேர்ப்பதற்கு முன்னால் ஷெல் என்கிற கட்டளைத் திரையைத் திறந்து ஒவ்வொரு வரியாகத் தட்டிப் பார்ப்பது என் வழக்கம். கேட்ட உடனே பதில் வரும். வீட்டிலிருந்தே வேலை; நாள் முழுக்க இந்த மாடி அறையில் எனக்குப் பதில் சொல்வது அது ஒன்றுதான்.

சோதித்துப் பார்க்க ஒரு ஃபைல் வேண்டுமே என்று செல்வியோடு பேசின சாட்டைப் போட்டேன். ஹாஸ்டலில் மூன்று வருஷம் என்னோடு ஒரே அறையில் இருந்தவள். சொந்த சாட்டைப் போட்டது என் புத்திகெட்டதனம்.

இந்த வருஷம் பேச்சை முதலில் ஆரம்பித்தது யார் என்று கேட்டேன். நான் 41, செல்வி 0 என்று வந்தது.

"பொய் சொல்லுது சனியன்" என்று கத்தியேவிட்டேன்.

கீழேயிருந்து அம்மா, "ஏட்டி, யாருகூட பேசிக்கிட்டு இருக்க?" என்றாள்.

"யாருகூடயும் இல்லம்மா."

போனை எடுத்து நானே எண்ணிப் பார்த்தேன். கணக்கு சரிதான். செல்வி ஒரு தடவைகூட பதில் போடாமல் இருந்ததில்லை. ஷெல்லும் அப்படித்தான். கேட்டால் சொல்லும், தானாக ஒன்றும் கேட்காது.

பேக்கேஜ் நன்றாக வேலை செய்கிறது என்று டீம் லீடுக்கு எழுதிவிட்டேன்.

"ஆடித்தபசு திருவிழாவுக்கு வாரியாட்டி?" என்று செல்விக்கு மத்தியானமே அடித்து வைத்தேன். அனுப்பினால் 42. இன்னும் அனுப்பவில்லை.