வசனம் முடிந்த பிறகு

அக்கா,

இன்று காலை கிழக்கேகோட்டையில் பூ வாங்கப் போனேன். உங்கள் படத்துக்குப் போடத்தான். பிச்சிப்பூ, இரண்டு முழம், நெருக்கமாகக் கட்டியதாகப் பார்த்து என்று வழக்கம்போல மலையாளத்தில் கேட்டேன். பூக்காரியின் கை அப்படியே நின்றுவிட்டது. என் முகத்தைப் பார்த்தாள், எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்தாள், பிறகு பக்கத்துக் கடைக்காரியைப் பார்த்து நாகர்கோவில் தமிழில் கத்தினாள்.

"எக்கா, இங்க கேட்டியா? செத்துப்போனால்லா அந்த சீரியல் மாமியா, அவ சத்தம் அப்படியே இருக்கு இந்த அம்மைக்கு!"

உங்கள் குரல் என்று அவளுக்கு, இந்த ஊருக்கு, தெரிந்ததெல்லாம் என் குரல்தானே! பதினெட்டு வருஷம் நீங்கள் வாயசைத்தீர்கள், நான் பேசினேன். நீங்கள் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். உங்கள் குரல் என்று ஊர் நம்புவது மட்டும் இன்னும் கடைத்தெருவில் பூ வாங்கிக்கொண்டு திரிகிறது.

இதே ஊரின் வலியசாலை அக்ரகாரத்தில் பிறந்து, சபாக்களில் தமிழ் நாடகம் போட்டு வளர்ந்தவர் நீங்கள். மலையாள சீரியலில் முதலில் கிடைத்தது காபி டம்ளரை வைத்துவிட்டுப் போகிற வேடம். அப்புறம் வம்பு பேசும் பக்கத்து வீட்டுக்காரி. மூன்றாவதில் மாமியார். அந்த நாற்காலியில் உட்கார வைத்தவர்கள் பிறகு உங்களை எழுந்திருக்க விடவே இல்லை. வீடு மாறும், புடவை மாறும், மருமகள் மாறுவாள், மாமியார் நீங்கள்தான். "நேக்குக் கொழந்தையே இல்ல. ஆனா எத்தனை மாட்டுப்பொண்ணை அழ வெச்சிருக்கேன் பாத்தியோ?" என்று ஒருமுறை சிரித்தீர்கள்.

உங்கள் மலையாளத்தில் தமிழ் வாடை இருந்ததால் உங்களுக்குக் குரல் கொடுக்க என்னைக் கூப்பிட்டார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால் நானும் தமிழச்சிதான். கழக்கூட்டம் பக்கம் கட்டட வேலைக்கு வந்தவரின் மகள். பள்ளிக்கூடத்தில் நான் வாயைத் திறந்தாலே "பாண்டி" என்று பெஞ்சு முழுக்கச் சிரிக்கும். அந்த ரோஷத்தில் என் நாக்கிலிருந்த தமிழைச் சட்டியில் அடிப்பிடித்ததைச் சுரண்டுவதுபோலச் சுரண்டி எடுத்தேன். பன்னிரண்டாம் வகுப்பில் மலையாளப் பேச்சுப் போட்டியில் முதல் பரிசு எனக்கு. அந்த நாக்கை வைத்துத்தான் பிழைப்பு நடந்தது.

உங்களுக்கும் எனக்கும் இடையில் ஓடிய தபாலைப் பற்றி வேறு யாருக்கும் தெரியாது. படப்பிடிப்பில் நடிகர்கள் பேசுவதையும் பதிவு செய்வார்கள் இல்லையா, பைலட் என்று சொல்வோமே. காக்கா கத்துவது, ஃபேன் ஓடுவது, ஓரத்தில் நின்று வசனம் எடுத்துக் கொடுப்பவர் குரல் எல்லாம் அதில் இருக்கும். அது டிவியில் வராது. நான் அதை ஹெட்ஃபோனில் கேட்டு, உங்கள் உதட்டுக்குப் பொருந்தும்படி என் குரலில் பேசுவேன். வேலை முடிந்ததும் அதை அழித்துவிடுவார்கள். உங்கள் சொந்தக் குரலைக் கேட்கிற ஒரே ஆள் நான்தான் என்று உங்களுக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும். நாம் நேரில் பார்த்துக்கொள்வதற்கு முன்பே, ஒருநாள், மருமகளை வீட்டைவிட்டுத் துரத்துகிற வசனத்தை இடி முழங்கச் சொல்லி முடித்துவிட்டு, கேமரா நிற்பதற்குள் தணிந்த குரலில், "எடீ, யாரோ ஒருத்தி கேட்டுண்டிருப்பியே, நடுவுல ஒரு மூச்சு விட்டிருக்கேன், பாத்துக்கோ" என்றீர்கள்.

ஹெட்ஃபோனைக் கழற்றி மேலும் கீழும் பார்த்தேன். யாரோ என் தோளைத் தட்டினதுபோல இருந்தது.

அதற்கப்புறம் தினமும் ஏதாவது வரும். "பட்டுப்புடவை உடம்பெல்லாம் அரிக்கறது. இப்ப பட்ட கோபம் நடிப்பு இல்ல, அரிப்பாக்கும்." "இன்னிக்கு அவியல் நன்னா இருந்தது, நோக்குக் கொண்டு வரேன்." ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு "சாப்டியோ?"

ஒரு வருஷம் ஆற்றுகால் கோயில் பொங்கலுக்குச் சாலையோரத்தில் பக்கத்துப் பக்கத்தில் செங்கல் கூட்டி உட்கார்ந்திருந்தோமே, ஞாபகம் இருக்கிறதா? அடுப்புக்கு அடுப்பு தீ கைமாறி வந்தது. உங்களுக்கு முன்னால் இருந்தவள் உங்கள் முகத்தைப் பார்த்ததும் கொள்ளியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். சீரியலில் அந்தப் பாவப்பட்ட மருமகளை அந்தப் பேச்சுப் பேசினவளுக்குத் தீ கொடுக்க மாட்டேன் என்றாள். பேசினது நான், வசவு உங்களுக்கு. நீங்களோ கொஞ்சமும் அசராமல் என்னைச் சுட்டிக்காட்டி, "மூஞ்சிதான் என்னோடது, வாய் இவளோடதாக்கும். ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு கொள்ளி தாங்கோ, மாமி" என்றீர்கள். சுற்றியிருந்தவர்கள் சிரித்ததில் அவளும் சிரித்துவிட்டாள். நம் இரண்டு பானையும் ஒரே நேரத்தில் பொங்கின.

இப்படிப்பட்ட உங்களுக்கு நான் செய்ததைத்தான் இன்று எழுத உட்கார்ந்திருக்கிறேன். சுற்றி வளைத்துக்கொண்டே இருக்கிறேன் பாருங்கள்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் புது டைரக்டர் வந்தார். அவர் வந்த இரண்டாவது வாரம் பைலட்டின் கடைசியில் உங்கள் குரல் படபடத்தது. "எடீ, இவர் என்னையே டப்பிங் பேசச் சொல்றார். நேக்கு ஆசையா இருக்கு, பயமாவும் இருக்கு. நம்ம குரல் நம்ம வாயிலேர்ந்து வரணும்னு எந்த நடிகைக்குத்தான் தோணாது? நீதானே இதைக் கேட்டுண்டிருக்கே. சரியா இருக்கான்னு நீ சொல்லு. நீ சொன்னா நேக்குப் போதும்."

அன்று மத்தியானமே டைரக்டர் என்னிடம் வந்து கேட்டார். உங்கள் மலையாளம் அப்போது நன்றாகத் திருந்தியிருந்தது, அக்கா. வாக்கியம் முடிகிற இடத்தில் மட்டும் கொஞ்சம் வலியசாலை எட்டிப் பார்க்கும். அது அழகாகத்தான் இருந்தது. எனக்கு அது தெரியும். ஆனால் அந்த மாமியாரை விட்டால் எனக்கு வேறு வேலை இல்லை என்பதும் தெரியும். "தமிழ் அடிக்குது சார். ஜனம் சிரிச்சிரும்" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. பள்ளிக்கூடத்து பெஞ்சில் என்னைப் பார்த்துச் சிரித்த வாய்களெல்லாம் என் வாய்க்குள் வந்து உட்கார்ந்திருந்தன.

மறுநாள் நீங்கள் ஸ்டுடியோவுக்கே வந்தீர்கள். "வேண்டாம்னுட்டார்டீ. நீ என்ன சொன்னே?" என்று கேட்டீர்கள்.

"நான் ஒண்ணும் சொல்லல்லக்கா. எங்கிட்ட யாரும் கேக்கவே இல்ல."

என் முகத்தையே பார்த்தீர்கள். பிறகு, "சரி, போட்டும்" என்று சொல்லிவிட்டு, எனக்கென்று கொண்டுவந்த சீரகவெந்நீர் ஃபிளாஸ்க்கை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனீர்கள்.

அடுத்த ஒரு வாரம் பைலட்டின் கடைசியில் ஒன்றுமே இல்லை. ஃபேன் சத்தம் மட்டும். எட்டாம் நாள் வந்தது, "சாப்டியோ?" ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டே அழுதேன். உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். இன்றைக்குச் சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்றே நாலு வருஷம் ஓடிவிட்டது. ஒரு விடியற்காலையில் வலியசாலை வீட்டில் உங்களுக்கு நெஞ்சு வலித்தது. அதோடு எல்லாம் முடிந்தது.

எடுத்து முடித்த காட்சிகளில் ஒன்று டப்பிங்குக்கு மிச்சம் இருந்தது. எனக்குத் தொண்டை கட்டியதால் அதைத் தள்ளி வைத்திருந்தார்கள். மருமகள் கையில் சாவிக்கொத்தைக் கொடுத்துவிட்டு மாமியார் வீட்டைவிட்டுக் கிளம்புகிற காட்சி. உங்கள் காரியமெல்லாம் முடிந்த பிறகு ஸ்டுடியோவுக்குப் போய் ஹெட்ஃபோனை மாட்டினேன். நீங்கள் நாடகக்காரியாயிற்றே, யாரும் எடுத்துக் கொடுக்காமல் மொத்தத்தையும் மனப்பாடமாகப் பேசியிருந்தீர்கள். பைலட்டில் உங்களைத் தவிர ஒரு குரல் இல்லை. ஒவ்வொரு வாக்கியமும் முடிகிற இடத்தில் லேசாகத் தழைந்து, ஒரு கிழவி தன் வீட்டைக் கடைசியாகப் பார்ப்பதுபோலவே இருந்தது. வசனம் முடிந்தது. காத்திருந்தேன்.

"எடீ, தொண்டை கட்டிண்டிருக்காமே. சுக்குத் தட்டிப்போட்டு வெந்நீர் குடி. நீ மெள்ள வந்து பேசினாப் போதும். அவசரம் ஒண்ணும் இல்ல."

எனக்கு வாய் வரவில்லை, அக்கா. மூன்று முறை ஓட்டினார்கள், மூன்று முறையும் வாயைத் திறந்துகொண்டு நின்றேன். பிறகு வெளியே போய் டைரக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அன்று நான் சொன்னது பொய், உங்கள் குரலில் ஒரு குறையும் இல்லை, இந்தக் காட்சியிலாவது பைலட்டில் இருக்கிற உங்கள் குரலே வரட்டும் என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "நீங்க சொன்னதை அன்னைக்கே நான் சேச்சிகிட்ட அப்படியே சொல்லிட்டேனே. உங்ககிட்ட அவங்க கேக்கவே இல்லையா?" என்றார்.

தெரிந்துதான் கேட்டீர்கள். நான் பொய் சொன்னதையும் தெரிந்தே கேட்டுக்கொண்டீர்கள். தெரிந்துகொண்டே நாலு வருஷம் "சாப்டியோ?" என்று விசாரித்தீர்கள். ஒரு தடவை திட்டியிருக்கக் கூடாதா? ஊரிலிருக்கிற மருமகள்களையெல்லாம் திட்டத் தெரிந்த உங்களுக்கு என்னைத் திட்டத் தெரியாமல் போய்விட்டதே!

அந்தக் காட்சி உங்கள் குரலிலேயே ஒளிபரப்பானது. ஏதோ செய்துவிட்டேன் என்று கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தேன். இன்று காலை வரைக்கும்தான். பூவை அளந்துகொண்டே பூக்காரி சொன்னாள். "ஆனா பாத்துக்கிடுங்க, கடைசி நாளு மட்டும் வேற எவளையோ வச்சுப் பேச வச்சிட்டானுவ. அவளுக்கு அந்தச் சத்தம் கொஞ்சம்கூட ஒக்கல்ல."

பதினெட்டு வருஷ வேலையின் பலனை அங்கே கண்ணால் பார்த்தேன். உங்கள் குரலை உங்களுக்கே ஒட்டாததாக ஆக்கிவைத்திருக்கிறேன். பேசாமல் பூவை வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். முடியவில்லை. மலையாளத்தை விட்டுவிட்டு, எங்கள் அப்பா பேசிய தமிழில், "அந்தக் கடைசி நாளு பேசுனதுதாம்மா அவுங்க சத்தம். மத்த நாளெல்லாம் பேசுனது நானு" என்றேன்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "அப்ப அதுல ஒரு தமிழ் இழுவ இழுத்துதே... அவ நம்ம ஆளா?"

"ஆமா. வலியசாலைக்காரி."

"எம்மா! இத்தன நாளு ஏசிக்கிட்டே பாத்தேனே. நம்ம ஆளுன்னு ஒருத்தரும் சொல்லலியே!" என்றாள். பிறகு இன்னும் ஒரு முழத்தைக் கிள்ளிச் சேர்த்து, "இது நான் குடுத்தேன்னு போடுங்க" என்றாள். பூ இதோ மேஜைமேல் இருக்கிறது, மூன்று முழமும்.

இப்போது வேறொரு நடிகைக்குப் பேசுகிறேன். சின்ன வயது, நல்ல பெண். பைலட்டில் அவள் வசனம் முடிந்ததும் முடிந்துவிடும். நான்தான் ஹெட்ஃபோனைக் கழற்றாமல் நிற்கிறேன். நேற்றும் அப்படித்தான், வசனம் முடிந்தது, ஃபேன் ஓடியது, எங்கோ ஒரு காக்கா கத்தியது. என்னையறியாமல் மைக்கைப் பார்த்து, "சாப்டாச்சுக்கா" என்றேன்.

ரெக்கார்டிஸ்ட் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையை உயர்த்தினார். கடைசியில் ஏதோ சத்தம் விழுந்திருக்கிறது, இன்னொரு டேக் போகலாம் என்றார்.