கோட்டு மாட்டும் சட்டத்தில் ஒரு தூளி

1975, பிப்ரவரி 8, சனி

இன்றும் கச்சேரியைக் கதவுக்கு வெளியே நின்றுதான் கேட்டேன். மாதம் ஒருமுறை நம் தமிழ் மன்றத்துக்குக் கிடைக்கும் பள்ளிக்கூட மண்டபம், பஃபலோவிலிருந்து வந்த வயலின்காரர், எல்லாம் உள்ளே. நானும் யமுனாவும் நடைக்கூடத்தில், பனி ஒழுகும் பூட்ஸ்களுக்கு நடுவில். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு உள்ளே அனுமதி இல்லை என்பது செயலாளர் சேதுராமன் போட்ட விதி. குழந்தைக்கு அனுமதி இல்லை என்றால் அம்மாவுக்கும் சேர்த்துத்தானே இல்லை? அப்பாக்கள் எல்லாரும் முன்வரிசையில் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரரும்தான்.

போன வருஷம் இதே மேடையில் இரண்டு மணி நேரம் பாடியவள் நான். யமுனா பிறந்து ஏழு மாதம் ஆகிறது. மறுபடி எப்போது பாடப்போகிறாய் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. குரல் எங்கேயும் போய்விடவில்லை, குளித்துக்கொண்டே பாடிப் பார்த்தேன், மேல் ஸ்தாயிகூடச் சுத்தமாக நிற்கிறது. இந்த வருஷத்துக்குள் அந்த மண்டபத்தில் பாடுவேன். யமுனாவை யார் வீட்டிலும் விட்டுவிட்டு வராமல் பாடுவேன். எழுதிவிட்டேன், இனி பின்வாங்க முடியாது.

பிப்ரவரி 11

யமுனா மரத் தொட்டிலில் படுக்க மாட்டேன் என்கிறாள். தூளி கட்டலாம் என்றால், நாங்கள் குடியிருக்கும் ரெக்ஸ்டேல் அடுக்குமாடியில், பதினோராவது மாடியில், வழவழவென்று ஒரு கூரை. பேருக்கு ஒரு கொக்கி கிடையாது.

மார்ச் 8, சனி

இதை எழுதும்போதே சிரிப்பு வருகிறது. வரக்கூடாது.

மன்றத்தில் இன்று பட்டிமன்றம். குடும்பத்துக்கு ஆதாரம் தாயா, தந்தையா. ஆறு ஆண்கள் உள்ளே தாய்மையின் பெருமையைப் பேசினார்கள். தாய்மார் மூன்று பேர் வெளியே: நான், மதுரைக்கார அன்னம், யாழ்ப்பாணத்துப் பூமணி அக்கா. அக்காவுக்கு இது மூன்றாவது கைக்குழந்தை. அவன் அழுகிறான், யமுனா அழுகிறாள். அக்கா சுவரைப் பார்த்தார். பள்ளிப் பிள்ளைகள் கோட்டு மாட்டுவதற்காக அடித்த நீளமான மரச்சட்டம்.

"உதில ஏணை கட்டலாம் கோமளா. எங்கட வீட்டில இதைவிட மெல்லிய வளையில கட்டினனாங்கள்" என்றார். நாங்கள் தூளி என்பதை அவர்கள் ஏணை என்கிறார்கள், உத்தரத்தை வளை என்கிறார்கள். பையில் ஒரு வாயில் புடவை வைத்திருந்தார். கட்டினோம். யமுனா ஐந்தே நிமிஷத்தில் தூங்கினாள். அவளைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு அக்காவின் பையனைப் போட்டோம். அவனும் தூங்கினான். அவனையும் எடுத்தபிறகு அன்னத்துக்குக் குஷி வந்துவிட்டது. "நான் உக்காந்தாலும் தாங்கும்டி" என்றாள். உட்கார்ந்தாள்.

சட்டம், அதோடு ஓர் ஆள் உயரத்துக்குச் சுவர்ப் பூச்சு, அதன்கீழே அன்னம். பட்டிமன்றம் அப்படியே நின்றுபோயிற்று. நடுவர் உட்பட எல்லாரும் ஓடிவந்து பார்த்தார்கள். அடி ஒன்றும் இல்லை, அவளுக்கு இடுப்பில் கொஞ்சம் கன்றியிருக்கிறது.

மார்ச் 9

சேதுராமன் தொலைபேசியில்: "ஹாலே கிடையாதுன்னு பள்ளிக்கூடத்துல சொல்லிட்டா என்னம்மா பண்றது? கைக்குழந்தை இருக்கறவங்க கொஞ்ச நாளைக்கு வீட்டிலயே இருந்துடுங்க."

கொஞ்ச நாள் என்றால்? ஐந்து வயது வரைக்குமா?

என் வீட்டுக்காரர் என்ன சொன்னார் தெரியுமா? "அவர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு கோமு."

நியாயமாம். பத்து மாசம் சுமந்தவ நான், தூக்கமில்லாம கிடக்கறவ நான், கடைசில கதவுக்கு வெளியிலகூட எனக்கு இடம் கிடையாதா? நடைக்கூடத்தையும் பிடுங்கிட்டா நான் எங்கே போய் நிக்கறது — மதியம் இவர் தட்டில் இவரே சோறு போட்டுக்கொண்டார். நான் எழுந்திருக்கவில்லை. அழுதேன். அழுது முடித்ததும் ஒன்று தோன்றியது. இடித்தது நாங்கள். போய்ப் பேச வேண்டியதும் நாங்கள்தான், சேதுராமன் இல்லை.

மார்ச் 12, புதன்

பள்ளிக்கூடத்துக்குப் போனோம். இடுப்பில் யமுனா, பின்னால் கருவிப்பெட்டியோடு இவர். அரைநாள் லீவு போட்டிருக்கிறார், நியாயம் பேசியதற்குப் பிராயச்சித்தம். இரண்டு மணி நேரத்தில் சட்டத்தை மறுபடி பொருத்திப் பூச்சும் பூசிவிட்டார்.

தலைமை ஆசிரியை நரைத்த முடியும் நீண்ட கால்களுமாக ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. மன்னிப்புக் கேட்டேன். சரி, சுவரில் அப்படி என்னதான் செய்தீர்கள் என்றார். பையிலிருந்து புடவையை எடுத்து, அதன் இரு முனையையும் சேர்த்துப் பிடித்து, குழந்தை எப்படிப் படுக்கும் என்று காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு எங்களை உடற்பயிற்சிக் கூடத்துக்கு அழைத்துப்போனார். உயரத்தில் இரும்பு உத்தரங்கள், பிள்ளைகள் ஏறும் கயிறுகளுக்காக வரிசையாகக் கொக்கிகள். இதில் பெரிய ஆளே தொங்கலாமே, இங்கே கட்டியிருக்கலாமே என்றார்.

அங்கேயே கேட்டுவிட்டேன். மே 11 ஞாயிற்றுக்கிழமை, அன்னையர் தினம், இந்தக் கூடம் எங்களுக்கு வேண்டும், தாலாட்டுப் பாட. சரி என்றார். வெட்கப்பட்டுக்கொண்டு நின்றிருந்தால் கிடைத்திருக்குமா?

ஏப்ரல் 6

செயற்குழு. அன்னத்தோடு போய் விஷயத்தைச் சொன்னேன். சேதுராமன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தாலாட்டுன்னா வந்த ஜனங்க தூங்கிடுவாங்களேம்மா."

"அதுக்குத்தான் சார் பாடறது."

அன்னம் சிரித்த சிரிப்பில் குழுவே சம்மதித்துவிட்டது.

ஏப்ரல் 20, ஞாயிறு

எங்கள் வீட்டில் ஒத்திகை, எட்டுப் பெண்கள். அன்னத்தின் தாலாட்டில் மாமியார் ஒரு வரிக்கு ஒரு தடவை உதை வாங்குகிறார். குழந்தைக்கு ஒன்றும் புரியாது என்ற தைரியத்தில் எத்தனை தலைமுறை மருமகள்கள் மனதில் இருப்பதைக் கொட்டியிருக்கிறார்கள். அன்னம் லிப்டையும் ஓவர்டைம் வேலையையும்கூட அதில் சேர்த்துவிட்டாள்.

பூமணி அக்காவின் பாட்டில் தாய்மாமன்மார் சீர் கொண்டு வருவார்கள். தம் அண்ணன்மார் மூவர் பெயரையும் வைத்துப் பாடிவந்தவர் மூன்றாவது பெயரில் நிறுத்திவிட்டார். "அவையள் ஒருத்தரும் இவன்ர முகம் இன்னும் பாக்கேல்லை" என்றார். அன்னம் எழுந்து போய் அந்தப் பையனைத் தூக்கிக்கொண்டாள். அக்கா முதலிலிருந்து பாடினார், இந்தத் தடவை முழுதாக.

என் முறை வந்தபோதுதான் தெரிந்தது, எனக்கு ஒரு தாலாட்டும் தெரியாது. ஆறு வயதிலிருந்து சங்கீதம் படித்தவள், யமுனாவை ஸஸ ரிரி என்று ஜண்டை வரிசை பாடித்தான் தூங்க வைக்கிறேன். "பாவம் பிள்ளை, பரீட்சைக்கெல்லோ படிக்குது" என்றார் அக்கா. சொந்தமாக ஒன்று கட்டப் போகிறேன்.

மே 10

நீலாம்பரி ராகத்தில் எட்டு வரி. நன்றாக வந்திருக்கிறது. நானே சொல்லிக்கொள்கிறேன்.

மே 11, ஞாயிறு

ஆறு கொக்கிகளில் ஆறு புடவைகள். தரையில் ஜமக்காளம், தொண்ணூறு பேர் இருக்கும். தலைமை ஆசிரியை தம் வயதான தாயாரோடு வந்து காலை நீட்டி உட்கார்ந்தார். அன்னத்தின் மாமியார் பாட்டுக்கு ஆண்கள்தான் அதிகம் சிரித்தார்கள். அக்கா பாடும்போது யமுனாவின் தூளியை இவர் ஆட்டினார். ஆட்டத் தெரியவில்லை, பேருந்து மாதிரிக் குலுக்கினார். அப்படியும் தூங்கிவிட்டாள்.

நான் கடைசி. எட்டு வரியை எட்டு நிமிஷம் பாடினேன். முடித்தபோது ஆறு தூளியும் அடங்கியிருந்தன, பெரியவர்களிலும் நாலைந்து பேர் அடங்கியிருந்தார்கள். யாரும் கை தட்டவில்லை. தட்ட முடியாதே. அத்தனை பேரும் கையைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்தபடி இருந்தார்கள். எந்த மேடையிலும் எனக்கு இப்படி நடந்ததில்லை. சந்தோஷமாக இருந்தது, ரொம்ப.

சேதுராமன் மூன்று பக்க நன்றியுரையோடு மைக்கைப் பிடித்தார். அன்னம் ஒரு பார்வை பார்த்தாள். அவர் மைக்கை வைத்துவிட்டு, ஒவ்வொருவரிடமாகக் குனிந்து காதோடு நன்றி சொல்லிக்கொண்டு போனார். என்னிடம் வந்தபோது நானும் காதோடு கேட்டேன்: "அந்த விதி?"

"யோசிக்கலாம்மா."

ஜூன் 14

யோசித்துக்கொண்டே இருக்கிறார்.

ஜூலை 19

விதி போயிற்று, செயற்குழு ஓட்டெடுப்பில் எட்டுக்கு மூன்று. எதிர்த்த மூன்றில் ஒருவர் சேதுராமன்.

செப்டம்பர் 20, சனி

ஒன்றே முக்கால் மணி நேரம் பாடினேன். அதே மண்டபம், அதே மேடை. தம்பூரா இவர். பூமணி அக்காவும் அன்னமும் இரண்டாவது வரிசையில் பிள்ளைகளோடு.

யமுனா தூங்கவில்லை. வர்ணம் முடிவதற்குள் அன்னத்தின் பிடியிலிருந்து நழுவி, நாற்காலிகளைப் பிடித்துக்கொண்டே நடந்து போய், சேதுராமனின் வேட்டியைப் பிடித்து நின்றாள். அவர் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். தோடி ராகம் விஸ்தாரமாகப் போய்க்கொண்டிருந்தது. அவள் அவருடைய கண்ணாடியைக் கழற்றுவதும் அவர் மாட்டிக்கொள்வதும் எனக்கு மேடையிலிருந்து தெரிந்தது. நான் நிறுத்தவில்லை, இறங்கவும் இல்லை.

மங்களம் பாடி முடித்து இறங்கிப் போனேன். சேதுராமனின் வேட்டி முன்பக்கம் முழுக்க நனைந்திருந்தது. எனக்கு உயிர் போயிற்று.

"எவ்வளவு நேரமா சார்? எழுந்து வெளியில போயிருக்கலாமே" என்றேன்.

"தோடியிலயே ஆயிடுச்சு" என்றார். "வெளியில போனா பாட்டு சரியா கேக்காதேம்மா."