ஒளு மேஜையில் நஸ்ரின்

ஜூலை 14, திங்கள்

விடிந்ததிலிருந்தே புழுக்கம். இருட்டிக்கொண்டு வந்த மழை கடல் பக்கம் போய்விட்டது. பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பும் முன்பே மாடித் தொட்டி காலி. மோட்டார் மறுபடியும்.

மீன்காரம்மா வரவில்லை. கொத்தவரங்காய், ரசம்.

தொட்டி காலியான காரணம் தெரிந்ததுதான். நஸ்ரின். விடியல் தொழுகைக்கு ஒளு எடுக்கக் குளியலறைக்குள் போனவள், ஆட்டோக்காரர் வந்து ஹாரன் அடிக்கும் வரை வெளியே வரவில்லை. முகம், கை, கால் கழுவ ஒரு சொம்பு போதும். இவளுக்கு ஒரு தொட்டி. கழுவி முடித்ததும் முழங்கை நனைந்ததா, குதிகால் நனைந்ததா என்று சந்தேகம். திரும்ப முதலிலிருந்து. நோன்பு முடிந்ததிலிருந்து இப்படித்தான். பன்னிரண்டு வயதுப் பெண்ணின் விரல்கள் ஊறின அப்பளம் மாதிரி.

மாடியில் நாத்தனார் ஷம்ஷாத் குடித்தனம். இரண்டு வீட்டுக்கும் ஒரே தொட்டி. படியில் நின்று தெருவுக்கே கேட்கும்படி:

"இன்னாடி, உன் பொண்ணு ஒளு எடுக்குறாளா, ஒட்டகத்தக் குளிப்பாட்டுறாளா?"

ஆற்றங்கரையில் உட்கார்ந்தாலும் அளவோடு என்பது மார்க்கம். நானே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன். என் வீட்டிலேயே இப்படி.

ஹஜ்ரத் வீட்டம்மா மூலம் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டேன். இதற்கு வஸ்வாஸ் என்று பெயராம், ஷைத்தான் மனசில் போடுகிற சந்தேகம். கண்டுகொள்ளாமல் ஒரு தடவையோடு எழுந்துவிடச் சொல்லுங்கள், முடியவில்லையென்றால் பெரிய ஆஸ்பத்திரியில் மனநல டாக்டரிடம் காட்டுங்கள், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை என்றாராம்.

ராத்திரி சாப்பாட்டில் வீட்டுக்காரரிடம் சொன்னேன். சோற்றைப் பிசைந்துகொண்டே:

"அந்த வார்டு வாசல்ல போய் உக்காந்தா நாளைக்கே ஜமாஅத்து முழுக்கத் தெரிஞ்சிடும். பொம்பளப் புள்ள. நாளைக்கு மாப்பிள்ளை தேட வேணாமா? நீயே பாத்து சரி பண்ணு."

நானே.

இன்று இரண்டு அறை கொடுத்தேன். பிரயோசனமில்லை. அறை வாங்கின கன்னத்தையும் போய்க் கழுவினாள்.

ஜூலை 15, செவ்வாய்

வெயில். போர்வை துவைக்கவில்லை, தண்ணீர் கணக்கு இடிக்கிறது. கேஸ் பதிந்தாயிற்று.

பள்ளிக்கூடத்திலிருந்து ராஜலட்சுமி மிஸ் போன். சனிக்கிழமை தண்ணீர்க் கண்காட்சி. சின்ன வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொரு மேஜையாகப் போய்க் கையால் தொட்டு, ஊற்றி, அளந்து கற்றுக்கொள்ள வேண்டுமாம். வெறும் சார்ட் கிடையாது.

"போன மீட்டிங்ல நீங்க சொன்னீங்கல்லம்மா, ஒரே சொம்புல முகம் கை கால் எல்லாம் கழுவுவோம்னு. அதை ஒரு மேஜையா போடலாமா? ஒரு பக்கம் சொம்பு, ஒரு பக்கம் திறந்து விட்ட குழாய். கீழ கண்ணாடி மாதிரி தொட்டி வெச்சா எவ்ளோ வீணாவுதுன்னு புள்ளைங்களுக்கே தெரியும்."

எட்டாவதோடு நின்றவள் நான். என்னைக் கேட்டு ஒரு மிஸ் மேஜை போடுகிறார். அல்ஹம்துலில்லாஹ்.

"யாரு செஞ்சு காட்டுவா?" என்றார்.

வாயில் வந்துவிட்டது. "நஸ்ரின்."

"அமைதியான பொண்ணு. நல்லா செய்வா."

போனை வைத்த பிறகு யோசித்தேன். சரியாகத்தான் சொல்லியிருக்கிறேன். விருந்தாளி வந்தால் ஒரு தடவையோடு வந்துவிடுகிறாள். பார்க்க ஆள் இருந்தால் அடங்குகிற வியாதி. வெட்கத்தை விடப் பெரிய மருந்து என்ன இருக்கிறது? ஆஸ்பத்திரியும் வேண்டாம், வார்டும் வேண்டாம்.

வருவது ஐந்தாம் வகுப்புக்குள் உள்ள பிள்ளைகள் மட்டும் என்று மிஸ் உறுதி சொல்லியிருக்கிறார். முக்காடு விலகாது. தலை தடவுவதைத் துணிக்கு மேலேயே காட்டினால் போதும்.

ஜூலை 17, வியாழன்

மேகம். காற்று இல்லை. நெத்திலி நன்றாக இருந்தது.

அவர் கடையிலிருந்து கொண்டுவந்தவை: பித்தளைக் குழாய் ஒன்று, அரை இஞ்ச் பைப், உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் தொட்டி இரண்டு, ஸ்டாண்டு. குழாயை மாட்டி, வாளியை மேலே வைத்து ஓட்டிப் பார்த்தோம். ஒழுகல் இல்லை.

தொட்டியில் லிட்டர் கோடு போட வேண்டும். ஸ்கெட்ச் பேனா நனைந்தால் அழியும். நெயில் பாலிஷ் வாங்கப் போனேன், வாழ்க்கையில் முதல் தடவை. புர்காவோடு போய்ச் சிவப்பு நெயில் பாலிஷ் கேட்டதும் கடைக்காரப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "யாருக்குக்கா?" "தொட்டிக்கு." அதற்குப் பிறகு அவள் ஒன்றும் கேட்கவில்லை.

கோடு போடும்போது ந. பக்கத்தில் வந்து நின்றாள்.

"அம்மா, அது கையில பட்டா தண்ணி உள்ள எறங்காது. ஒளு கூடாது."

"தொட்டியிலதான் போடுறேன். கையில இல்ல."

"தொட்டியைத் தொட்டா ஒட்டிக்காதா?"

"காஞ்சிடுச்சு."

ஒரு அடி தள்ளி நின்றாள். பிறகு மெதுவாக, "நான் வேணாம்மா. என் கிளாஸ் சபீனா செய்யட்டும்."

"நீதான் செய்யணும். மிஸ்கிட்ட சொல்லியாச்சு."

"நடுவுல சந்தேகம் வந்துட்டா?"

"வராது."

"வந்தா?"

"வந்தா அத்தன பேரும் பாப்பாங்க. அந்த நெனப்புலயே வராது."

முகம் வெளுத்துவிட்டது. ராத்திரி சோற்றிலிருந்து பாதியில் எழுந்தாள். வற்புறுத்தவில்லை. பயம் நல்லது.

ஜூலை 19, சனி

காலையில் தூறல், பிறகு சுள்ளென்று வெயில். எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதி வைக்கிறேன்.

பள்ளி ஹால் நிறையப் பிள்ளைகள். முதல் மேஜையில் மணல் பெட்டி. ஒரு ஓரம் நீலச் சாயம் கலந்த உப்புத் தண்ணீர், அது கடல். மணலில் சிரிஞ்ச் குத்தி இழுத்தால் அது போர்வெல். இழுக்க இழுக்க நீலம் மணலுக்குள் ஊர்ந்து வருகிறது. ஒரு பெண் குழந்தை சிரிஞ்சைக் கீழே வைத்துவிட்டு, "மிஸ், எங்க வீட்டுத் தண்ணி இப்பவே உப்பு மிஸ்" என்றது. அடுத்தது சொட்டும் குழாய். அடுத்தது குழாயைத் திறந்துவிட்டுப் பல் தேய்ப்பது. ஒவ்வொரு மேஜையிலும் ஒரு அட்டை. பிடித்திருந்தால் பிள்ளைகள் அதில் நீலச் சொட்டு ஸ்டிக்கர் ஒட்டலாம்.

கடைசி மேஜை எங்களுடையது. ஷம்ஷாத் அக்காவும் வந்திருந்தார், பார்க்க வேண்டும் என்று.

முதல் கூட்டம் வந்தது. ந. சொம்பில் ஒளு எடுத்தாள். கை, வாய், மூக்கு, முகம், முழங்கை, தலை, கால். ஒரே தடவை. சொம்பில் மிச்சம்கூட இருந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். என் கண்ணில் தண்ணீர். யா அல்லாஹ், இவ்வளவுதானா, இதற்கா இத்தனை நாள் என்று நினைத்தேன்.

அடுத்த கூட்டத்துக்குக் குழாய்ப் பக்கம். திறந்துவிட்டுச் செய்து காட்ட வேண்டும். தொட்டியில் ஏறுவதைப் பிள்ளைகள் கோடு பார்த்துச் சொல்வார்கள். ந. முடித்துக் குழாயை மூடப் போனாள். மூன்றாம் வகுப்பு இருக்கும், முன்பல் விழுந்த பையன் ஒருவன், விளையாட்டாக:

"அக்கா, முழங்கை நனையல."

ந.வின் கை குழாயிலேயே நின்றது. முழங்கையைப் பார்த்தாள். திரும்ப முதலிலிருந்து.

முடித்தாள். இன்னொருவன்: "குதிகால் நனையல."

திரும்ப முதலிலிருந்து.

பிள்ளைகளுக்குப் புரிந்துவிட்டது. சாவி கொடுத்தால் ஆடுகிற பொம்மை. "காது நனையலக்கா!" "மூக்கு நனையல!" மற்ற மேஜைகளிலிருந்து ஓடிவந்தார்கள். தொட்டியில் கோடு தாண்டும்போதெல்லாம் எல்லாரும் சேர்ந்து கத்தினார்கள். ராஜலட்சுமி மிஸ் இதை நாங்கள் ஒத்திகை பார்த்து வந்த நடிப்பு என்று நினைத்துவிட்டார். மைக்கை எடுத்தார்.

"பாருங்க புள்ளைங்களா. ஒருத்தர் யோசிக்காம குழாயத் திறந்தா எவ்ளோ வீணாவுதுன்னு பாத்தீங்களா? நம்ம வீட்டுல இப்படி யாரு?"

"நாங்க இல்ல மிஸ்!"

"அப்ப யாரு?"

எல்லாரும் ந.வைக் காட்டினார்கள்.

சிறப்பு விருந்தாளி பிரெஞ்சு ராணுவப் பென்ஷன் வாங்கும் பெரியவர். வயிறு குலுங்கச் சிரித்து, "த்ரே பியேன், த்ரே பியேன்" என்று பிரெஞ்சில் பாராட்டினார். போனில் வீடியோ எடுத்தார்.

ந. என்னைப் பார்த்தாள். முக்காடு நனைந்து கன்னத்தில் ஒட்டியிருந்தது. வாய் மட்டும் அசைந்தது. குழாய் என் கைக்கு எட்டும் தூரம்தான். மூடவில்லை. இன்றைக்கு அவமானம் முழுசாகப் பட்டுவிட்டால் நாளையிலிருந்து விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். நான் தொட்டியைப் பார்த்தேன்.

தொட்டி வழிந்து தரையெல்லாம் ஓடியது. மேலே வைத்த வாளி காலியானதும் குழாய் தானே நின்றது. ந. காலியான குழாய்க்குக் கீழே கையை நீட்டியபடியே நின்றாள்.

அதிக ஸ்டிக்கர் எங்கள் அட்டையில். முதல் பரிசு. எவர்சில்வர் தண்ணீர் பாட்டில். ந. போய் வாங்கினாள், மிஸ் சிரிக்கச் சொன்னபோது சிரித்தாள்.

ஆட்டோவில் ஷம்ஷாத் அக்கா என் தொடையைத் தட்டி: "நல்ல வைத்தியம் போட்ட. இனிமே தொடுவாளா பாரு."

ஜூலை 20, ஞாயிறு

காற்று உண்டு. துணி சீக்கிரம் காய்ந்தது. கறி, புதினாச் சட்னி.

வீடியோ பெற்றோர் வாட்ஸப்பில் வந்துவிட்டது. அவர் கடையில் வைத்துப் பார்த்தாராம்.

"முக்காடு வெலகலையே?"

"இல்ல."

"செரி."

சாயங்காலம் தெருவில் சைக்கிள் ஓட்டும் பையன்கள் எங்கள் ஜன்னலுக்குக் கீழே வந்து "நனையல, நனையல" என்று கத்திவிட்டு ஓடினார்கள். ஒரு சொம்புத் தண்ணீரை அவர்கள் தலையில் ஊற்றலாம் போலிருந்தது. ஊற்றவில்லை.

ஆனால் மோட்டார் ஒரே தடவைதான் இன்று. தொட்டி நிரம்பி வழிந்தது. ந. குளியலறைக்குப் போகிறாள், உடனே வந்துவிடுகிறாள். தொழுகிறாள். பேச்சு மட்டும் இல்லை. வரும்.

ஜூலை 22, செவ்வாய்

மழை, அரை மணி. மொட்டை மாடியில் அண்டா வைத்துப் பிடித்தேன்.

வெண்டைக்காய் நறுக்கும்போது ந. வந்து உட்கார்ந்தாள். சனிக்கிழமைக்குப் பிறகு முதல் பேச்சு.

"அம்மா, தண்ணி இல்லன்னா மண்ணுல தயம்மும் செய்யலாம்ல?"

"செய்யலாம். சுத்தமான மண்ணுலயோ சுவத்துலயோ கைய வெச்சு, முகத்தையும் கையையும் தடவிக்கணும். ஆனா தண்ணி கெடைக்காதவங்களுக்குத்தான் அது. இல்லன்னா நோயாளிக்கு."

"தண்ணி தொட்டா நோயாளி ஆவுறவங்களுக்கு?"

"அப்படி ஒரு நோயாளி கெடையாது. போய்ப் படி."

போய்விட்டாள். நன்றாகத்தான் கேட்டாள், சட்டம் தெரிந்துகொள்ளட்டும். ஆனால் கேட்டபோது வெண்டைக்காயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூலை 25, வெள்ளி

வெயில். ஜும்மா. பிரியாணி கொஞ்சம் குழைந்துவிட்டது.

இந்த வாரம் முழுக்க மோட்டார் நாளுக்கு ஒரு தடவை. அவர், "மோட்டாருக்கு லீவு விட்டுட்டா உன் பொண்ணு" என்று சிரித்தார். மாடியிலிருந்தும் சத்தமே இல்லை. ஷம்ஷாத் அக்கா கிண்ணத்தில் சேமியா கொடுத்தனுப்பினார்.

ராஜலட்சுமி மிஸ் போன். கருவடிக்குப்பத்தில் ஒரு பள்ளிக்கூடம் அதே மேஜையைக் கேட்கிறதாம். "நஸ்ரினே வரட்டும்மா. அந்தப் பொண்ணு மாதிரி யாரும் நடிக்க மாட்டாங்க." கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

அஸர் தொழுகை நேரம், சாயங்காலம். தொட்டியையும் ஸ்டாண்டையும் தேடிப் பின்கட்டுக்குப் போனேன், அவர் பைப் அடுக்கி வைக்கும் அறை. பூச்சு இல்லாத செங்கல் சுவர். கதவு சாத்தியிருந்தது. உள்ளே தப், தப் என்று சத்தம். எலி என்று நினைத்துத் துடைப்பத்தோடு திறந்தேன்.

ந. சுவர் பக்கம் திரும்பி நின்றாள். இரண்டு உள்ளங்கையையும் செங்கல்லில் அடித்து, முகத்தில் தடவி, கையில் தடவி, திரும்ப அடித்து. என்னைப் பார்த்தும் நிறுத்தவில்லை. நெற்றியெல்லாம் சிவப்பு. செங்கல் பொடி என்று நினைத்தேன். பொடி மட்டும் இல்லை.

"நிறுத்துடி."

"இன்னும் படலம்மா. ஒரு ஓரத்துல படல."

"எத்தன நாளா இது?"

"தண்ணி தொடல நான். சத்தியமா ஒரு சொட்டு கூட தொடலம்மா."

கையைப் பிடித்து இழுத்து வந்தேன். உள்ளங்கைத் தோல் உரிந்து, உள்ளே மண். கழுவாவிட்டால் சீழ் வைக்கும். அவருக்குப் போன் செய்தேன், ஆட்டோ கொண்டுவாங்க, பெரிய ஆஸ்பத்திரி என்றேன். எந்த வார்டு என்று கேட்டார். எல்லா வார்டும் என்றேன்.

சொம்பில் வெதுவெதுப்பாகத் தண்ணீர் கொண்டுபோனேன். கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். சொம்புக்குள் எட்டிப் பார்த்தாள்.

"எவ்ளோம்மா இருக்கு அதுல? அளந்துட்டு வா."