மஞ்சளித்த வெள்ளி

எல்லாவற்றிலும் எனக்குப் பின்னால் வந்து, போவதில் மட்டும் முந்திக்கொண்ட என் தங்கை கோமதிக்கு,

இன்று ஆவணி முதல் தேதி. கொச்சியின் இந்த மட்டாஞ்சேரித் தெருவுக்குச் சிங்ஙம் ஒன்று, மலையாளப் புத்தாண்டு. எனக்கு எழுபத்தொன்பது வயதும் நான்கு மாதமும் நிறைந்திருக்கின்றன. முழங்கால் தவிர மற்றவை வேலை செய்கின்றன.

நீ எங்கும் இல்லை என்பதே வேதியியல் படித்தவளான என் முடிவு. ஆனாலும் கடிதமென்றால் யாரையாவது விளித்துத்தானே தொடங்க வேண்டும்? தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலருக்கு உன்னைப் பற்றி ஒரு நினைவஞ்சலி கேட்டார்கள். "படிக்கறவா கண் கலங்கணும், டீச்சர்" என்றார் செயலாளர். கலங்க விரும்புகிறவர்கள் வெங்காயம் நறுக்கிக்கொள்ளலாம். நான் உனக்குச் செய்தி சொல்லப் போகிறேன்.

உன் மகள் நித்யா காக்கநாட்டில் ஒரு சிறிய நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். வெள்ளியைக் கண்ணுக்கு எட்டாத நுண்துகள்களாக்கி, ஒரு பிசினில் கலந்து, எஃகின் மேல் மெல்லிய படலமாகப் பூசுகிறார்கள். படலத்திலிருந்து வெள்ளி அணு அணுவாகக் கசிந்து, மேலே ஒட்டும் கிருமிகளைக் கொல்லும். இந்தக் கலவை அவளே வகுத்தது. எங்கே பேசப் போனாலும் அவள் பேச்சு உன்னிடத்தில்தான் தொடங்கும்: "எங்க அம்மாகிட்ட ஒரு வெள்ளிக் கூஜா இருந்தது. அதுல வெச்ச தண்ணி கெட்டதே இல்லை."

அந்தக் கூஜாவை நீ மறந்திருக்கமாட்டாய். திருப்பூணித்துறைக்கு மருமகளாய்ப் போனபோது அப்பா கொடுத்தது. வாரம் முழுதும் மெல்ல மஞ்சளித்துக்கொண்டே வரும். "வெள்ளியை வெள்ளிலதான் தேய்க்கணும்" என்று சட்டம் போட்டு, வெள்ளிக்கிழமைதோறும் விபூதி வைத்துத் தேய்ப்பாய். கை ஓய்ந்தபின் அந்த வேலையைச் சங்கரனுக்குக் கற்றுக்கொடுத்தாய். உன் கணவர் வாழ்நாளில் ஒழுங்காகக் கற்றுக்கொண்ட ஒரே வீட்டுவேலை அது.

கொச்சங்காடியில், பழைய மிளகுக் கிடங்கொன்றைப் புதுப்பித்து டயாலிசிஸ் மையம் நடத்துகிறோம். நிர்வாகக் குழுவில் நான் இருக்கிறேன். எதிர்த்துப் பேச ஒருத்தி வேண்டுமாம். சிறுநீரகம் கெட்டவர்களுக்குச் சாதாரணத் தொற்றே எமனாகும் என்பதால், நித்யா அங்கே கட்டில் கம்பிகளுக்கும் கதவுக் கைப்பிடிகளுக்கும் தன் வெள்ளியைப் பூசிக் கொடுத்தாள். முதல் பரிசோதனை நன்றாக வந்தது. அடுத்ததில் கவிழ்ந்தது. கைப்பிடியை ஒற்றியெடுத்த பஞ்சைக் கிருமி வளர்க்கும் தட்டில் தடவி வைத்தால், பூசாத இடத்தில் வளர்வதுபோலவே கிருமி புள்ளி புள்ளியாய் வளர்ந்து நின்றது.

எங்கள் டாக்டர் அம்மாள் தட்டை என்னிடம் நீட்டினார். "டீச்சரே, இது வெறும் பெயின்டாணு." அடுத்த பரிசோதனையும் இப்படியே வந்தால் எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துவிடுவதென்று குழு தீர்மானித்தது. நித்யாவின் முதலாளியும் அப்படி நடந்தால் அவள் கலவையைக் கைவிடுவதாகச் சொல்லிவிட்டார். இரவும் பகலும் அதற்கென்று உழைத்தவள், என் சமையலறையில் வந்து சாயா ஆறும்வரை உட்கார்ந்திருந்தாள். நான் ஆறுதல் சொல்லவில்லை. எனக்கு அது வராது.

அடுத்த வெள்ளிக்கிழமை மையத்துக்குப் போனேன். டயாலிசிஸ் அறை வாசலில், கிழிந்த வேட்டித் துண்டும் விபூதிச் சம்புடமுமாக ஒருவர் கைப்பிடியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். வேறு யார், உன் சங்கரன்தான். டயாலிசிஸ் செய்துகொள்ளும் நண்பருக்குத் துணையாக வெள்ளிதோறும் அங்கே வருகிறவர். நண்பர் உறங்கியதும் பொழுது போக வேண்டுமல்லவா?

"என்ன பண்றேள்?" என்றேன்.

"வாங்கோக்கா. நம்ம நித்யா பூசின வெள்ளியாக்கும். பாருங்கோ, எப்படி மஞ்சளிச்சுப் போச்சு! இதுகளுக்குத் தேய்க்கத் தெரியலை."

"எத்தனை நாளா நடக்கறது இந்தக் கைங்கரியம்?"

"பூசின வாரத்துலேர்ந்தே. கோமு இருந்தா இப்படி விட்டுவெப்பாளோ?"

உள்ளேயிருந்து நர்ஸ் எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "அங்கிள் தேச்சா நல்ல திளக்கமல்லே, டீச்சரே!" திளக்கமாம், பளபளப்பு! பளபளத்தது அடியிலிருந்த வெறும் எஃகு.

நித்யாவை அழைத்துக் காட்டினேன். கைப்பிடியைப் பார்த்தாள், சம்புடத்தைப் பார்த்தாள், தகப்பனைப் பார்த்தாள்.

"அப்பா, அந்த மஞ்சள்தான்பா வேலை செய்யறது! அவ்வளவு பொடியானா வெள்ளி மஞ்சளாத்தான் தெரியும்."

"வெள்ளி மஞ்சளாச்சுன்னா தேய்க்கணும்னு உங்கம்மாதானே சொன்னா?"

அதற்குப் பதில் என்னிடம் இருந்தது; நான் சொல்லவில்லை. அவள் சுவரில் சாய்ந்து முதலில் சிரித்தாள், பிறகு அழுதாள். சங்கரன் வேட்டித் துண்டை அவளிடம் நீட்டினார், கண் துடைக்க. விபூதியோடு.

மறுபடி பூசினார்கள். "தேய்க்காதீர்" என்று மலையாளத்திலும் தமிழிலும் எழுதி ஒட்டினார்கள். அடுத்த பரிசோதனையில் தட்டு வெறுமையாகவே இருந்தது. டாக்டர் அம்மாள் தட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மேல்மாடிக்கும் பூசச் சொன்னார். நித்யாவின் கலவை பிழைத்தது.

இத்துடன் முடிந்திருந்தால் உனக்குக் கடிதமே தேவைப்பட்டிருக்காது. இப்போது அவள் உற்சாகத்தில் இருக்கிறாள். திங்கட்கிழமை உன் கூஜாவைக் காக்கநாட்டுக்குக் கொண்டுபோய், எந்த உலோகம் எவ்வளவு என்று சொல்லும் கருவியில் வைத்து, வெள்ளியின் அளவை எழுதி, கண்ணாடிப் பெட்டியில் பார்வைக்கு வைக்கப் போகிறாளாம்.

ஆகவே கருவி சொல்வதற்கு முன்பே நான் சொல்லியாக வேண்டும். அவளிடம் ஞாயிற்றுக்கிழமை, வாயால். அதற்கு முன் உன்னிடம், தமிழ் எழுத்தில். நம் வீட்டில் தமிழில் அச்சேறியது ரகசியம்தான்: நித்யா எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் அடுத்த மலர் வந்துவிடும், சங்கரன் மலையாளப் பத்திரிகையைத் தாண்டுவதில்லை.

கோமு, வெள்ளி தொடக்கத்தில் சற்று மஞ்சள் காட்டினாலும் விட்டுவைத்தால் கறுத்தே தீரும். தேய்க்காமல் கிடந்த உன் பிரசவ மாதங்களிலும் உன் கூஜா கறுத்ததில்லை. உன் கல்யாணத்துக்கு முந்தைய வாரம் அதன் அடிப்பாகத்தில் துளி நைட்ரிக் அமிலம் விட்டுப் பார்த்தேன். பச்சையாய் நுரைத்தது. உப்பு நீர் சேர்த்தால் வெள்ளி தயிர்போல் திரிய வேண்டும், திரியவில்லை. அப்பாவிடம் போனேன். "வெள்ளிக்கு எங்கே போவேன்? அவ சந்தோஷமா இருக்கா. நீ படிச்சவ, வாயை மூடிண்டு இரு" என்றார். படித்ததற்கு அப்படியும் ஒரு பயன்.

அது ஜெர்மன் வெள்ளி. பெயரில் உள்ளதைத் தவிர அதில் வெள்ளி கிடையாது. பாதிக்கு மேல் செம்பு. செம்பும் கிருமியைக் கொல்லும், மேல்பரப்பு சுத்தமாக இருக்கும்வரை. ஆகவே உன் தண்ணீர் கெடவில்லை என்பது உண்மை. நீ தேய்த்தது வீண் என்று நான் கேலி செய்ததுதான் பொய். சங்கரனிடம் இதைச் சொல்லமாட்டேன். கூஜா கண்ணாடிப் பெட்டிக்குப் போகாது. வெள்ளிதோறும் அவர் மடியிலேயே இருக்கும். விபூதி தீராமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அப்பா சொன்னபடி இதுவரை வாயை மூடியிருந்த
உன் அக்கா