சம்பந்தியம்மா போன்ல பதிஞ்ச மூஞ்சி

கும்மிடிப்பூண்டி
ஞாயித்துக்கிழமை, சர்ச் விட்டு வந்து

என் செல்ல மகள் ஏஞ்சலுக்கு அம்மா ஆசையா எழுதுறது. கர்த்தர் கிருபையில எனக்கும் உங்கப்பாவுக்கும் உடம்புக்கு ஒரு கொறையும் இல்ல, எனக்கு மனசுக்குத்தான் லேசா காய்ச்சல், அது இன்னா காய்ச்சல்னு பின்னாடி எழுதுறேன். நீயும் மாப்பிள்ளை ஜோஷ்வாவும் என் பேரன் ஆரோனும் அந்த பஹ்ரைன் வெயில்ல வாடாம இருக்கணும்னு தினம் முட்டி போட்டுக் கேட்டுக்கினு இருக்கேன்.

தினம் போன்ல பேசுற அம்மாவுக்கு இப்ப இன்னாத்துக்கு லெட்டருன்னு நீ சிரிப்பே. போன்ல பேசுனா உங்கப்பா ஸ்பீக்கர்ல போட்டுக்கினு பக்கத்துல ஒக்காந்து நடுவுல நடுவுல நீதி சொல்றாரு, வீடியோ போட்டா ஆரோன் போனைப் புடுங்கிக்கினு ஓடுறான், நான் பாக்குறது எல்லாம் உங்க ஊட்டு ஃபேனுதான். அதான் மாப்பிள்ளை கூட வேலை செய்ற மோகன்ராஜ் லீவு முடிஞ்சு கெளம்புறான்னு கேள்விப்பட்டு அவன் கையில குடுத்து வுடுறேன். கூடவே பழவேற்காடு நெத்திலிக் கருவாடும் இறால் ஊறுகாயும் இருக்குது, கவர் மேல கவர் போட்டுக் கட்டியிருக்கேன், அப்பவும் வாசனை வந்தா ஏர்போர்ட்டுல அவன் பாடு. உங்கப்பாவுக்கு ரோலிங் மில்லுல மறுபடியும் உலைப் பக்கமே டூட்டி போட்டுட்டாங்க, ஊட்டுக்கு வந்தா ஃபேன் அடியில இருந்து நவுர மாட்டேங்குறாரு. எனக்கு கேன்டீன்ல காய் வெட்டுறதுல இருந்து சாம்பார் அண்டாவுக்கு ப்ரமோஷன். வடக்கத்திப் பசங்களுக்கு சப்பாத்தி வேற போடச் சொல்றாங்க, நான் போட்டா ஒண்ணு கூட வட்டமா வரல, பாவம் அதுங்க ஒண்ணும் சொல்லாம துன்னுட்டுப் போவுதுங்க.

சரி காய்ச்சலுக்கு வரேன். போன வாரம் வேப்பம்பட்டுல உங்க மாமியார் ஊட்டுல ஜெபக்கூட்டம்னு கூப்பிட்டாங்க. உங்கப்பாவுக்கு டூட்டி, நான் மட்டும் பஸ் மாறி பஸ் மாறிப் போய்ச் சேந்தேன். ஞானம்மா சம்பந்தி வாசல்லயே வந்து கையைப் புடிச்சுக் கூட்டிக்கினு போனாங்க, கொறை சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல, அதான் எனக்கு இன்னும் எரிச்சல். போன லீவுக்கு வந்தப்ப நீ எங்க ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி போன் வாங்கியாந்தே இல்ல, எனக்கு நீலம் அவங்களுக்குத் தங்கக் கலரு, கலரைப் பத்தி நான் அப்பவும் ஒண்ணும் சொல்லல இப்பவும் சொல்லல. அதுல தொடாமயே ஸ்கிரீன் எப்பவும் எரிஞ்சிக்கினு இருக்குற வசதி ஒண்ணு இருந்துதே, அதை மட்டும் ஆஃப் பண்ணி வெச்சுக்கோம்மா, ஒரே படம் ராவும் பகலும் நின்னா ஸ்கிரீன்ல அச்சு மாதிரி வுழுந்துடும் அப்புறம் போவாதுன்னு நீதானே என்கிட்ட சொன்னே. நானும் பக்கத்து ஊட்டு காயத்ரியை வுட்டு அன்னிக்கே அணைச்சுட்டேன். என் போனு சும்மா வெச்சா கரிக்கட்டை மாதிரி கெடக்கும். அங்க போய்ப் பாத்தா சம்பந்தி போனு டிவி ஸ்டாண்டு மேல, வசன கேலண்டருக்குப் பக்கத்துல, ஒரு சட்டம் போட்ட படம் மாதிரி ஜகஜோதியா எரியுது. உள்ளே ஆரோன் சிரிக்கிறான். வாங்குனதுல இருந்து அணைச்சதே இல்லையாம். பாஸ்டர் கண்ணை மூடுங்கன்னாரு, எல்லாரும் மூடுனாங்க, நானும் மூடினேன், ஒரு கண்ணை மட்டும்.

ஜெபம் முடிஞ்சு பிரியாணி போட்டாங்க. அப்ப சம்பந்தி போனை எடுத்து ஒரு பாட்டு தேடுறாங்க, வெள்ளையா பக்கம் வருது, அந்த வெள்ளையில ஆவி மாதிரி ஆரோன் மூஞ்சி நிக்குது. கன்னம் தெரியுது, நெத்தியில அந்தச் சுருட்டை முடி கூடத் தெரியுது. எந்தப் பக்கம் தொறந்தாலும் போவல. நீ சொன்ன அச்சு அதான். போனு கெட்டுப்போச்சுன்னு அவங்க அழுவாங்கன்னு பாத்தா, எல்லாரையும் கூப்பிட்டு கூப்பிட்டுக் காட்டுறாங்க, புள்ளை பஹ்ரைன் போயும் ஆயாவை வுட்டுப் போவல பாருங்கன்னு. பொம்பளைங்க எல்லாம் சுத்தி நின்னுக்கினு ஆச்சரியப்படுறாங்க, ஒரு அம்மா ஸ்தோத்திரம்னே சொல்லிட்டாங்க. ஏன்டி, கெட்டுப்போன போனுக்கு ஸ்தோத்திரம், ஒழுங்கா நீ சொன்ன பேச்சைக் கேட்டு வெச்சிருக்கிற என் போனை ஒரு நாயும் திரும்பிப் பாக்கல.

அதோட வுட்டாங்களா. அடுத்த புள்ளை மூஞ்சிக்கு இதுல எடமில்ல சம்பந்தி, ஏஞ்சலை வேற போன் வாங்கியாரச் சொல்லணும்னு சிரிச்சாங்க. என் வாயில பிரியாணி. அடுத்த புள்ளையான்னு கேட்டிருந்தா என் மானம் போயிருக்கும், பெத்தவளுக்கே தெரியாதான்னு எல்லாரும் பாத்திருப்பாங்க. அதனால தெரிஞ்ச மாதிரியே நானும் சிரிச்சேன், ஆமா ஆமா கேட்டு வாங்கிக்கலாம்னு வேற சொன்னேன். அப்புறம் அவங்களே சொல்றாங்க, மொத பிரசவம் உங்க ஊட்டுல ஆச்சு, ரெண்டாவது எங்க பங்கு, அங்கேயே பஹ்ரைன்லயே பாக்குறாங்களாம், எருசலேம் டூர் போனப்ப எடுத்த பாஸ்போர்ட் என்கிட்ட ரெடியா இருக்குது, ஜோஷ்வாவும் மம்மி நீ வரியான்னு கேட்டுட்டான்னு. எருசலேமும் அவங்களுக்கு பஹ்ரைனும் அவங்களுக்கு. எனக்கு கேன்டீன் அண்டா. பஸ்ஸுல ஜன்னல் சீட்டு கெடச்சுது, திருவள்ளூர்ல இருந்து பெரியபாளையம் வரைக்கும் வெளியே இன்னா இருந்துதுன்னு கேட்டா எனக்குத் தெரியாது.

ஊட்டுக்கு வந்து பையை வெச்ச கையோட காயத்ரி ஊட்டுக்குப் போனேன். அவ போன் தயார் பண்ற கம்பெனியில லைன்ல நிக்கிற பொண்ணுன்னு உனக்குத் தெரியும். காயத்ரி, அந்த எப்பவும் எரியறதைப் போட்டு வுடு, ஆரோன் போட்டோ வெய்யி, வெளிச்சத்தை முழுசாக் கூட்டு, சீக்கிரமா பதியற மாதிரி பண்ணுன்னேன். அவ வுழுந்து வுழுந்து சிரிக்கிறா, நல்லா இருக்குற போனைக் கெடுத்துக் குடுன்னு வந்த மொத ஆளு நீதான்க்கா, கம்பெனியில சொன்னா நம்ப மாட்டாங்கன்னு. அப்புறம் ஒக்கார வெச்சு சொன்னா, ஸ்கிரீன்ல இருக்குறது எல்லாம் பொடிப் பொடி வெளக்குங்க, ஒரே எடத்துல ஓயாம எரிஞ்சா அது மட்டும் களைச்சு மங்கிப்போவும், அந்த மங்கலைத்தான் நாம மூஞ்சின்னு பாக்குறோம்னு. களைச்சாலும் பரவால்ல எனக்கும் வேணும்னேன். அவ சாம்பல் கலர்ல ஒரு பக்கத்தைப் போட்டு என் போனை வெளிச்சத்துல சாச்சு சாச்சுப் பாத்தா, பாத்துட்டு சிரிப்பை நிறுத்திட்டா. உன் போன்லயும் ஏற்கெனவே வுழுந்திருக்குதுக்கான்னா. எங்கடின்னா மேல காட்டுறா. ஏஞ்சல் பாப்பான்னு எழுத்து லேசா நிக்குது. நீ மெசேஜ் அனுப்புற பக்கத்துல மேல உன் பேரு இருக்குமே, அதான். சாம்பார் கொதிக்கிற நேரம் எல்லாம் அந்தப் பக்கத்தைத் தொறந்து மேடையில சாச்சு வெச்சிருப்பேன், நீ எப்ப லைனுக்கு வரேன்னு பாக்க. அது அணைஞ்சு அணைஞ்சு போவுதுன்னு நானே ஒரு தபா காயத்ரிகிட்ட சொல்லி நேரத்தைக் கூட்டி வெச்சேன், அது எனக்கே மறந்துபோச்சு.

இதைக் கேட்டு நான் குளுந்துட்டேன்னு நெனைக்காதே. அவங்களுக்கு மூஞ்சி, எனக்கு வெறும் பேரு. அதையும் சாச்சுப் பாத்தாத்தான் தெரியுது, யாரைக் கூப்பிட்டுக் காட்டுறது. உங்கப்பாகிட்ட காட்டுனேன், கண்ணாடி போட்டுக்கினு பாத்துட்டு, ஸ்கிரீனை மாத்திடலாமான்னாரு. மாத்துனீங்கன்னா உங்களை மாத்திடுவேன்னு சொல்லிட்டேன்.

அவரு உனக்காக நல்லாத்தான் வாதாடுறாரு. ஜோஷ்வா சந்தோசத்துல அவங்கம்மாகிட்ட ஒளறியிருப்பான், ஏஞ்சலு மாசம் கொஞ்சம் போவட்டும், இல்லன்னா நான் பயந்துக்குவேன்னு என்கிட்ட சொல்லாம இருந்திருப்பாங்குறாரு. அது ஞாயந்தான். ஞாயம்னு தெரிஞ்சும் வயிறு எரியுது. யாரு வந்தாலும் சரி, புள்ளை நல்லபடியா பொறந்தா போதும்னு எழுதுன்னு சொன்னாரு. எழுதிட்டேன், அது அவரு சொன்னது. நான் சொல்றது இன்னான்னா எனக்கு வரணும். உனக்கு முதுகு வலிக்கிற எடம் எனக்குத்தான் தெரியும், ஆரோன் பொறந்தப்ப நீ கடிச்ச தழும்பு என் கையில இன்னும் இருக்குது, சம்பந்திகிட்ட அது இருக்குதான்னு கேளு. பாஸ்போர்ட்டுக்குக் குடுத்துட்டேன், இங்கிலீசுல கேப்பாங்கன்னு பயந்துக்கினு போனேன், தமிழ்லயே கேட்டாங்க. எதுக்கு வெளிநாடு போறீங்கன்னாங்க, எம் பொண்ணு முழுகாம இருக்குறான்னு சொன்னேன். நீ எனக்குச் சொல்றதுக்கு முந்தி நான் ஆபீசருக்குச் சொல்லிட்டேன் பாரு.

ஆண்டவர் உன் வயித்துல இருக்குறதைக் கண்மணி மாதிரி காப்பாத்துவாரு, ஆரோனுக்கு நூறு முத்தம், மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம், அவரு மேல எனக்குக் கோவம் இல்லன்னு சொல்லு, கொஞ்சம் இருக்குது, அதைச் சொல்லாதே. ஆரோனை இடுப்புல தூக்காதே, அவனுக்குக் கால் இருக்குது. கருவாட்டை நல்லா சுடுதண்ணியில அலசிட்டு வறு, வாந்தி வந்தா மாப்பிள்ளைக்குப் போட்டுடு. ஞாபகமா ஒண்ணு. சம்பந்தியையே கூப்பிடுறதுன்னு முடிவு பண்ணினாலும் பண்ணு, நான் ரெண்டு நாளு பேசாம இருப்பேன், மூணாம் நாளு பேசிடுவேன். ஆனா அதை நீ உன் வாயால என்கிட்ட மொதல்ல சொல்லு. இந்த லெட்டரைப் படிச்சுட்டு மெசேஜ் போடாதே, கூப்பிடு, உங்கப்பா டூட்டிக்குப் போனப்புறம் கூப்பிடு. எனக்கு ஒண்ணும் தெரியாத மாதிரியே நீ சொல்லு, நானும் அப்பத்தான் கேக்குற மாதிரி கத்துறேன்.

இப்படிக்கு,
கோவம் பாதி ஆறின உன் அம்மா
சலோமி தானியேல்