கசக்காத நிலவேம்பு

நாள் 412, காலை. செவ்வாய்க் கோள் நிலையம், மருந்துத் தோட்டம்.
நிலவேம்பு நான்காம் அறுவடை. ஒவ்வொரு முறையும் நன்றாகத் தழைத்த செடியிலிருந்தே விதை எடுத்தேன். பூச்சியில்லை, வாடலில்லை. வேதியியல்காரி பூங்கோதை தோட்டக்காரியும் ஆகிவிட்டாள் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்தான். நிலையத்தில் என்னுடன் இருப்பவன் அருளப்பன் மட்டும், இயந்திரங்களைக் கவனிப்பவன். அவனுக்குக் காய்ச்சல். கஷாயம் கொடுத்தேன்.

நாள் 415, காலை.
காய்ச்சல் ஏறுகிறது. காற்று வடிகட்டியைச் சுத்தம் செய்யும்போது தொற்றிய கிருமி. நிலவேம்பின் கசப்புச் சேர்மம் அதை அடக்கும். முதல் அறுவடை இலையை வடிகட்டிக் கிருமியின்மேல் நானே சோதித்தேன். பூமியிலிருந்து மருந்து வர எட்டு மாதமாகும். தனியறையிலிருந்து உள்பேசியில் அருளப்பன்: "யக்கா, கசாயம் கசக்கவே மாட்டேங்கு. சீனி போட்டியளா?" காய்ச்சலில் நாக்கு செத்திருக்கும் என்று சிரித்தேன்.

நாள் 418, பகல்.
மனசு கேட்கவில்லை. புது இலைச் சாற்றை, சேர்மங்களைப் பிரித்துக் காட்டும் குரோமடோகிராஃபில் ஏற்றினேன். கசப்புச் சேர்மத்துக்கான மேடு எழவேண்டிய இடத்தில் கோடு படுத்துக் கிடக்கிறது. ஒப்பிடுவதற்காகப் பூமியிலிருந்து வந்த கடைசிச் சிட்டிகை நிலவேம்புப் பொடியை ஏற்றினேன். மேடு நிமிர்ந்து நின்றது. இயந்திரத்தில் கோளாறில்லை. இலையை மென்றேன். வெறும் கீரை.
செல்லம் கொடுத்துக் கெடுத்திருக்கிறேன். வறட்சியும் பூச்சியும் அறியாத செடி எதற்குக் கசக்கவேண்டும்? ஒருமுறையாவது நான் குடித்துப் பார்த்திருக்கலாம்.
தண்ணீரை நிறுத்திவிட்டேன். காரணத்தை அவனிடம் சொல்லவில்லை. இத்தனை நாள் கீரைத் தண்ணீரைக் கொடுத்தேன் என்று எந்த முகத்தோடு சொல்வது?

நாள் 421, காலை.
மேடு கொஞ்சம் தலைதூக்கியது. போதாது. குழாயை மூடியும் மண்ணில் ஈரம் இருக்கிறது, ஏனென்று புரியவில்லை. எனக்கும் உடம்பு கொதிக்கிறது. அருளப்பன் தன் அறைத் திரையில் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் போல: "செடியெல்லாம் வாடிக் கெடக்கே, பாத்தியளா யக்கா? பாவமா இருக்கு." பேச்சை மாற்றினேன்.

நாள் 424.
மண் காய்ந்துவிட்டது. மேடு முழுசாக எழுந்தது. அப்படியொரு கசப்பு! குமட்டக் குமட்டச் சிரித்தேன். இரண்டு குவளை காய்ச்சினேன். உள்பேசியில் கூப்பிட்டேன். கூப்பிட்டுக்கொண்டே கதவைத் திறந்தேன்.
அவன் உடம்பு சில்லிட்டிருந்தது. திரையில் தோட்டக் குழாயின் கட்டுப்பாடு. எனக்குத் தெரியாமல் தினமும் கொஞ்சம் தண்ணீர் திறந்துவிட்டிருக்கிறான். நேற்று முன்தினத்தோடு அதுவும் நின்றுவிட்டது.
அதனால்தான் கசக்கிறது.

நாள்
நாள் கணக்குத் தவறிவிட்டது. என் குவளையைக் குடித்தேன், பிந்திவிட்டதோ என்னவோ. அவன் குவளை அவன் பக்கத்தில் இருக்கிறது. எடுக்க மனசில்லை. இதைப் படிக்கிறவர்களுக்கு: நீங்கள் வரும்போது செடிகள் வாடித்தான் கிடக்கும். பாவம் பார்த்துத் தண்ணீர்