கொடுவாக் குஞ்சுக்குப் பாமாயில்

இன்று காலை புது மீன் எண்ணெய் டின்னை உடைத்தேன். வாடை மூக்கில் ஏறியதும் என் இடது கை தானாக மார்போடு ஒடுங்கிக்கொண்டது. அடிப்பதற்கு நீ பக்கத்தில் இல்லை. நீ போய்ச் சேர்ந்து ஒரு மழைக்காலமே முடிந்துவிட்டது. கைக்கு மட்டும் இன்னும் அது தெரியவில்லை.

எண்ணெயையும் முட்டை மஞ்சள் கருவையும் மிக்ஸியில் அடித்து ஆர்டிமியா வாளியில் ஊற்றினேன். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் நீந்துகிற அந்தப் பொடி உயிர்கள் முதலில் இந்தக் கொழுப்பைத் தின்ன வேண்டும். பிறகுதான் அவற்றைக் கொடுவா மீன் குஞ்சுகளுக்குப் போடலாம். நாம் இரண்டு பெண்கள் சேர்ந்து நடத்திய பொரிப்பகத்துக்கு வந்து ஏன் இந்தப் பாடு என்று கேட்டவர்களுக்கெல்லாம் நீ ஒரே பதில்தான் வைத்திருந்தாய். "கடல் கொழுப்பு சேரலன்னா குஞ்சுக்கு மூளையும் இருக்காது, கண்ணும் இருக்காது. என் தம்பி மாதிரி ஆயிரும்." தம்பி பக்கத்திலேயே நின்று பல்லைக் காட்டுவான்.

உன்னைப் போல் ஒரு கோபக்காரியை நான் கண்டதில்லை. கதவைக் காற்று அறைந்து சாத்தினால்கூட யார் சாத்தினது என்று சண்டைக்குப் போவாய்.

நம் முதல் ஈட்டுக் குஞ்சுகள் பார்க்கக் கொழுகொழுவென்றுதான் இருந்தன. பெரியது சின்னதைத் தின்றுவிடும் என்பதால் அன்று தரம் பிரிக்க வலையை இறக்கினேன். வலை தண்ணீரில் பட்டதுதான் தாமதம், குஞ்சுகள் விறைத்தன. செவுள் விரிந்து, வாய் பிளந்து, வெட்டி வெட்டி இழுத்து அடியில் போய் விழுந்தன. வலை தொடாதவையும் விழுந்தன. கொஞ்ச நேரத்தில் தொட்டியின் அடி வெள்ளையாகிவிட்டது.

"எவனோ மருந்தக் கலந்துட்டாம்ளா" என்றாய். அந்த எவனோ யார் என்று எனக்கும் தெரியும். பக்கத்தில் படகு பழுது பார்க்கும் அண்ணாச்சி. நாம் கடல்நீர் இழுக்கும் குழாய் அவர் படகு இறக்குகிற வழியில் கிடக்கிறதென்று முந்தின நாள்தான் கத்திவிட்டுப் போயிருந்தார். நீ இரும்புக் குழாயைத் தூக்கிக்கொண்டு ஓடினாய்.

அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சோற்றுத் தூக்குச்சட்டியை எட்டி உதைத்தாய். எச்சில் கையோடு அவர் மரம் செதுக்கும் வாய்ச்சியை எடுத்துக்கொண்டு எழுந்தார். "பொம்பளன்னு பாக்க மாட்டேன்!"

"நானும் ஆம்பளன்னு பாக்கல!"

குழாய் அவர் தலையைப் பார்த்து இறங்கியபோது நான் நடுவில் இடது கையைக் கொடுத்தேன். எலும்பு முறிந்தது உனக்கும் கேட்டிருக்கும். ஆனாலும் நீ நிறுத்தவில்லை. "நவுருளா! அவன் மண்டையப் பொளக்காம விடமாட்டேன்" என்று மறுபடியும் ஓங்கினாய். கொன்றுதான் இருப்பாய். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அப்போதுதான் உன் தம்பி அலறிக்கொண்டு ஓடி வந்தான். "யக்கா, அவர விட்டுரு! எண்ணெய நாந்தான் எடுத்தேன்!"

அவனுடைய வள்ளத்தின் மரம் உளுக்காமல் இருக்கப் பூச மீன் எண்ணெய் பற்றவில்லையாம். நம் டின்னில் பாதிக்கு மேல் எடுத்துப் பூசிவிட்டு, ரேஷன் பாமாயிலை ஊற்றி நிரப்பி வைத்திருக்கிறான். "எண்ணெய் எண்ணெய்தானக்கா. கொறஞ்சா நீ ஏசுவேன்னுதான்..."

பாமாயில் குஞ்சுகளுக்குச் சதை போட்டிருந்தது. ஆனால் நரம்புக்கு வேண்டிய கொழுப்பு அதில் கிடையாது. அதைத் தானாக உண்டாக்கிக்கொள்ளக் கொடுவாக் குஞ்சின் உடம்புக்கும் தெரியாது. அதனால்தான் ஒரு வலை பட்ட அதிர்ச்சியைக்கூட அவற்றால் தாங்க முடியவில்லை.

தம்பி கடலுக்குள் கழுத்தளவு ஓடி நின்றுகொண்டான். நீ அவன் வள்ளத்தின் மேல் பாய்ந்தாய். பலகை பலகையாக உடைத்தாய். உள்ளங்கை கிழிந்து குழாயெல்லாம் ரத்தம். "ஏளா, மரம் என்ன செஞ்சிது? நிறுத்துளா!" என்று அண்ணாச்சியே கெஞ்சினார். கடைசியில் மணலில் உட்கார்ந்து அழுதாய். "வயிறு நெறஞ்சிருந்தும் செத்திருக்கேளா அதுக." என் கைக்காக நீ மன்னிப்புக் கேட்கவில்லை. பைக்கில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாய், வழியெல்லாம் என்னை ஏசிக்கொண்டே. "குறுக்க வரச் சொல்லி ஒன்னைய எவ கூப்பிட்டா?"

போன மழைக்கு முன்னால் துறைமுகச் சாலையில் ஒரு லாரி எதிர்ப்பக்கம் ஏறி வந்து உன்னை அடித்தபோது, உன் வண்டியில் விற்கக் கொண்டுபோன குஞ்சுப் பைகள் இருந்தன. நான் போய்ச் சேர்ந்தபோது பைகள் வெடித்துக் கிடந்தன. உன் தலைமாட்டில், உன் ரத்தத்தில், தாரில் குஞ்சுகள் துள்ளின. கலப்படமில்லாத மீன் எண்ணெய் தின்று வளர்ந்தவை. நெடுநேரம் சாகாமல் துள்ளின.

டிரைவர் சக்கரத்தோரம் குந்தியிருந்தான். சாலையோரத்திலிருந்து ஒரு கல்லை எடுத்து ஓங்கினேன். அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான், கையைக்கூடத் தூக்கவில்லை. கூட்டம் விலகி எனக்கு வழி விட்டது. "போடுளா அவன் தலையில" என்று யாரோ சொன்னார்கள். நடுவில் வர ஒருவரும் இல்லை. நீயாக இருந்தால் போட்டிருப்பாய். நான் ஓங்கிய கையோடு அப்படியே நின்றேன். போலீஸ் வந்து அவனைக் கூட்டிக்கொண்டு போகும்வரை நின்றேன்.

கல்லை எறியவில்லை. கீழே போடவும் மனம் வரவில்லை. அன்றைக்கு அதைக் கைப்பைக்குள் வைத்தேன். இன்னும் அதில்தான் கிடக்கிறது. மார்க்கெட்டுக்குப் போனாலும், பூசைக்குப் போனாலும், உன் கல்லறைக்கு வந்தாலும், தூக்கிக்கொண்டுதான் வருகிறேன்.